பெகோஜிக்குப் போகும் வழி

பெகோஜியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் காற்றில்தான் தொடங்குவார்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஒரு மூச்சில் அங்கே கிடைக்கும் ஆக்சிஜன், மெரினாவில் கிடைப்பதில் முக்கால் பங்குகூட இருக்காது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கி வந்து ஓடினால் யாரால் பிடிக்க முடியும்? இதுதான் வழக்கமான விளக்கம். பொய்யில்லை. ஆனால் அதே உயரத்தில், அதைவிட உயரத்திலும், பொலிவியாவிலும் திபெத்திலும் லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து ஓட்டப்பந்தய வீரர்கள் வரிசை கட்டி வரவில்லை. எத்தியோப்பியாவின் ஆர்சி மலைப்பகுதியில், 2007 கணக்கெடுப்பில் சுமார் 17 ஆயிரம் பேர் இருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து மட்டும் ஏன் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். அந்த வரிசையின் முதல் ஆள் ஒரு பெண் என்பது இன்னொரு காரணம்.

அவர் பெயர் டெரார்ட்டு துலு. எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாது. நாம் அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவர்கள் முழுதாகப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். துலு அவருடைய அப்பா. ஊரே அவரை டெரார்ட்டு என்றுதான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன். 1972 மார்ச் 21 அன்று பிறந்தவர், பத்துப் பிள்ளைகளில் ஏழாமவர், சின்ன வயதில் மாடு மேய்த்தவர். விளையாட்டுச் செய்தி படிக்கிறவர்களுக்கு அவர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியவர். கறுப்பின ஆப்பிரிக்கப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள். இந்த இரண்டு தங்கங்களுக்கும் நடுவில் அவர் மூன்று முறை உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியனாக இருந்தார். 1995இல் டர்ஹாம், 1997இல் டுரின், 2000இல் விலமௌரா. என் கணக்கில் இந்த மூன்றும்தான் பெரிது.

அடிஸ் அபாபாவில் இறங்கியதும் முதலில் போய்ப் பார்த்தது ஜான் மேடாவை. சிடிஸ்ட் கிலோ பக்கம் இருக்கும் பெரிய திறந்தவெளி மைதானம் அது. ஜனவரியில் திம்கத் என்னும் கிறிஸ்தவத் திருவிழாவுக்கு ஊரே இங்கே திரளும். 2020இல் கொரோனா வந்தபோது நகரத்தின் காய்கறிச் சந்தையைத் தூக்கி இங்கே வைத்தார்கள். நாட்டின் கிராஸ் கன்ட்ரி அணியைத் தேர்ந்தெடுக்கும் பந்தயம் நீண்ட காலமாக நடந்துவந்ததும் இந்த மண்ணில்தான். உலகப் போட்டியில் ஜெயிப்பதைவிட ஜான் மேடாவில் முதல் ஆறு பேருக்குள் வருவது கஷ்டம் என்று அங்கே சொல்வார்கள். நான் போன காலையில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். புல் ஓரிடத்தில் கணுக்கால்வரை இருந்தது, இன்னோரிடத்தில் சுத்தமாக இல்லை. குளம்பு பதிந்த குழிகள் காய்ந்து கல்லாகியிருந்தன. கொஞ்ச தூரம் வேகமாக நடந்து பார்த்தேன். கண் முழுக்கத் தரையில்தான் இருந்தது.

கிராஸ் கன்ட்ரி என்பது அதுதான். தடம் இல்லை, கோடு இல்லை, சமதளம் இல்லை. புல், சேறு, மேடு, பள்ளம், சில நேரம் குறுக்கே போட்ட மரக்கட்டை. ஒவ்வோர் இடத்திலும் பாதை வேறு என்பதால் உலக சாதனை என்று ஒன்று எழுதி வைக்க முடியாது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கோட்டில் நின்று, துப்பாக்கி வெடித்ததும் முண்டியடித்துக்கொண்டு கிளம்புவார்கள். 1,500 மீட்டர்க்காரரும் மாரத்தான்காரரும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். டிராக்கில் ஆளுக்கொரு தூரம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம், இங்கே ஒளிய இடமில்லை. தனி ஓட்டம் போல இருந்தாலும் அணிக்கணக்கும் உண்டு. பெண்கள் பந்தயத்தில் நாட்டுக்கு முதல் நான்கு பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த அணிக்குத் தங்கம். முன்னால் போனவர் ஜெயித்தால் மட்டும் போதாது, நாலாவதாக வருகிறவள் முப்பதாவது இடத்தில் உயிரைக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அடிஸிலிருந்து அடாமாவரை 2014இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே. வழுக்கிக்கொண்டு போகும். அடாமாவில் மினிபஸ் மாற வேண்டும். அங்கே தெருவெல்லாம் ஆட்டோ ரிக்‌ஷா, அவற்றுக்கு அங்கே பெயரே பஜாஜ்தான். டிரைவர் "பஜாஜ், பஜாஜ்" என்று கூவியபோது ஏதோ சொந்தக்காரர் பெயரைக் கேட்ட மாதிரி திரும்பிப் பார்த்தேன். அடாமா கிட்டத்தட்ட 1,600 மீட்டர், நல்ல வெயில், அகேசியா மரங்கள், கழுதை வண்டிகள். அங்கிருந்து தெற்கே திரும்பி, பிளவுப் பள்ளத்தாக்கின் தரையை விட்டுச் சாலை ஏற ஆரம்பிக்கிறது. ஏற ஏற மண் கறுக்கிறது, காற்று குளிர்கிறது, வயல் அகலமாகிறது. ஆர்சி எத்தியோப்பியாவின் கோதுமைக் களஞ்சியம். பார்லியும் ஏராளம், வழியில் வரும் அசெல்லாவில் பெரிய மால்ட் ஆலையே இருக்கிறது. ஓட்டக்காரர் ஹைலே கெப்ரிசெலாசியும் அசெல்லாக்காரர்தான். வண்டி அங்கே அரை மணி நேரம் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பிடி கோலோவை என் உள்ளங்கையில் கொட்டினார். வறுத்த பார்லி, நடுவே இரண்டு கடலை. மெல்ல மெல்ல வாசனை ஏறும். பெகோஜிவரை அதுதான் சாப்பாடு.

அசெல்லாவிலிருந்து இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். சாகூரே தாண்டியதும் ஒரு பக்கம் மலைத்தொடர் கூடவே வருகிறது. பெகோஜியில் இறங்கினால் ஒரே ஒரு பெரிய தெரு, இரண்டு பக்கமும் தகரக் கூரைக் கடைகள், குதிரை வண்டிகள். வீரர்களின் ஊர் என்று சொல்லும்படி முதல் பார்வைக்கு எதுவும் தெரியாது. விடுதிப் படி ஏறியபோது மூச்சு வாங்கியது. பத்துப் படிதான்.

அன்று புதன்கிழமை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம், இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. சைவக்காரர்கள் அந்த நாட்டுக்குப் போவதாக இருந்தால் இந்த இரண்டு நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இஞ்ஜெரா என்ற பெரிய புளித்த மாவு அப்பத்தின் மேல் ஷிரோ என்ற கடலை மாவுக் குழம்பு, பருப்பு, கீரை, பீட்ரூட், கோஸ் என்று வட்டம் வட்டமாக வைத்துத் தருவார்கள். விடுதிக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. அவருக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் இந்திய வாத்தியாராம். அந்தத் தலைமுறை எத்தியோப்பியர் பலரிடம் இதைக் கேட்கலாம், பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே நம்மவர்கள் அங்கே பள்ளிகளில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். "அடிப்பார்," என்றார் விடுதிக்காரர். "ஆனால் வாய்பாடு இன்னும் மறக்கவில்லை."

பார்சிலோனா இரவைப் பற்றி அவர்தான் பேச்செடுத்தார். 1992 ஆகஸ்ட் 7. டெர்க் ராணுவ ஆட்சி விழுந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1984இலும் 1988இலும் எத்தியோப்பியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டது, ஒரு தலைமுறை ஓட்டக்காரர்களின் கால்கள் அந்த அரசியலில் வீணாயின. டெரார்ட்டுவுடன் கடைசிவரை ஓடிய எலானா மேயர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக்காரப் பெண். நிறவெறிக் கொள்கையால் அவருடைய நாடு 32 வருஷம் ஒலிம்பிக்குக்கு வெளியே நின்று அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. மேயர் முன்னால் இழுத்துக்கொண்டு போனார். இருபது வயது டெரார்ட்டு அவர் முதுகை விட்டு நகரவே இல்லை. முன்னால் வா, நீயும் கொஞ்சம் இழு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் பின்னாலேயே இருந்தார். கடைசிச் சுற்றில் தாண்டினார், அவ்வளவுதான். 31 நிமிடம் 6.02 விநாடி. எல்லைக் கோட்டில் நின்று மேயருக்காகக் காத்திருந்து கட்டிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தப் படத்தைத்தான் உலகம் வைத்துக்கொண்டது.

"எங்களுக்கு அந்தச் சுற்று முக்கியமில்லை," என்றார் விடுதிக்காரர். "அடுத்த நாள் காலையில் தெருவில் பெண் பிள்ளைகள் ஓடினார்கள். அதுவரைக்கும் ஓடின பெண் பிள்ளையை என்ன அவசரம் என்று கேட்போம்."

அந்த முதுகை விடாத பொறுமை எங்கே கற்றது? என் பதில் புல்வெளி என்பதுதான். டெரார்ட்டு முதன்முதலில் வெளிநாட்டில் ஓடியது டிராக்கில் இல்லை. 1989இல் போலீஸில் சேர்ந்தார், அதே வருஷம் நார்வேயில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரியில் ஓடி 23ஆவதாக வந்தார். அடுத்த வருஷம் 15. அதற்கடுத்து, 1991 ஆன்ட்வெர்ப்பில், அமெரிக்காவின் லின் ஜென்னிங்ஸுக்கு அடுத்ததாக வெள்ளி. இருபத்து மூன்றாவதாக ஓடுகிறவள் பார்ப்பது இருபத்திரண்டு முதுகுகளை. எந்த முதுகு சேற்றில் எங்கே சறுக்குகிறது, எது மேட்டில் விறைக்கிறது என்று பார்த்துப் பார்த்து முன்னால் போகிற வித்தை அது.

விடுதிக்காரர் "பன்னிரண்டு மணிக்கு எழுப்புகிறேன்" என்றார். எத்தியோப்பியக் கடிகாரம் சூரியன் உதிப்பதில் தொடங்குவது, அவர்களுடைய பன்னிரண்டு நம் காலை ஆறு. குளிர் எலும்பில் ஏறியது. ஊருக்கு வெளியே யூகலிப்டஸ் தோப்பு. முதலில் சத்தம்தான் வந்தது, காய்ந்த இலையில் சரசரப்பு. பிறகு ஆள். ஒன்றன்பின் ஒன்றாக இருபது, இருபத்தைந்து பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். நேராக ஓடவில்லை. தறியில் நாடா போய் வருவதுபோல மரங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஓடினார்கள். முன்னால் போகிறவள் கால் வைத்த இடத்தில்தான் அடுத்தவள் கால் வைக்கிறாள். வேரைப் பார்த்தால் முதல் பெண் விரலால் சுட்டுவாள். அந்தச் சுட்டல் வரிசை முழுக்க விரல் விரலாகப் பின்னால் போய்ச் சேரும். யாரும் பேசவில்லை. கடைசியில் ஓடிய சிறுமியின் ஒரு காலில் ஓட்டக் காலணி, பெருவிரல் பக்கம் மீன்பிடி நூல் மாதிரி தடித்த நூலால் தைத்தது. இன்னொரு காலிலும் ஓட்டக் காலணிதான், ஆனால் வேறு கம்பெனி, வேறு நிறம். அது ஒரு சைஸ் பெரிதென்று அவள் கயிறு கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

இந்த ஒழுங்கு காற்றில் வந்ததல்ல. இதற்குப் பின்னால் ஒரு டிரில் மாஸ்டர் இருக்கிறார். செந்தயேஹு எஷெட்டு, பெகோஜி பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வந்து 1980களில் பயிற்சி தரத் தொடங்கியவர். ஸ்டாப்வாட்ச்சும் விசிலும்தான் அவர் கருவிகள். டெரார்ட்டு, கெனெனிசா பெக்கெலே, திருநெஷ் டிபாபா என்று பின்னால் உலகம் அறிந்த பெயர்கள் பலவும் தொடக்கத்தில் அவர் கை வழியாகப் போனவை. 2012இல் வந்த டவுன் ஆஃப் ரன்னர்ஸ் என்ற ஆவணப்படம் இந்த ஊரின் இரண்டு பெண்களைப் பின்தொடர்கிறது. ஊரைவிட்டு கிளப்புகளுக்குப் போனபின் அந்தப் பிள்ளைகள் படும் பாட்டையும் அது மறைக்கவில்லை. ஊரை மட்டும் பார்த்துவிட்டு வந்து புளகாங்கிதப்படுகிற என் போன்றவர்கள் அந்தப் பாதியையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆங்கிலம் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் நடுவில் நின்று எனக்கு மொழிபெயர்த்தான். பதினாறு வயதிருக்கும் ஒரு பெண்ணிடம் என்ன ஆசை என்று கேட்டேன். ஒலிம்பிக் என்பாள் என்று நினைத்தேன்.

"போலீஸ் கிளப்பில் எடுத்துக்கணும்," என்றாள்.

"ஒலிம்பிக்?"

"முதலில் சம்பளம்."

சுற்றியிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். போலீஸ், ராணுவம், சிறைத்துறை, வங்கி என்று அங்கே நிறுவனங்கள் ஓட்ட கிளப்புகளை நடத்துகின்றன. சேர்ந்தால் மாதச் சம்பளம், சாப்பாடு, தங்க இடம். நாட்டுப்புறத்தில் பள்ளி முடிவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் நாட்டில் அந்தச் சம்பளத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. டெரார்ட்டுவும் 1989இல் இந்தக் கதவு வழியாகத்தான் போனார். உயரமும் பார்லியும் ஆர்சி முழுக்க இருக்கின்றன. ஒரு வாத்தியார், ஒரு சம்பளம், முன்னால் ஓடிக் காட்டிய ஒரு பெண், இந்த மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்ததுதான் பெகோஜி என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்னால் ஓடிக் காட்டியவர் சுகமாக ஓடவில்லை. 1995 மார்ச்சில் இங்கிலாந்தின் டர்ஹாமில் உலகப் போட்டி. வழியில் ஏதென்ஸ் விமான நிலையத்தில் 24 மணி நேரம் மாட்டிக்கொண்டார், தூக்கமில்லை. மைதானத்துக்கு வந்து சேர்ந்தது பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. அந்த உடம்போடு ஓடி, மூன்று வருஷமாகத் தொடர்ந்து வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த அயர்லாந்தின் கேத்தரினா மெக்கியர்னனை நாலாவது முறையும் வெள்ளிக்கே அனுப்பிவிட்டுத் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் ஓட்டத்தின் நடுவே காலணி கழன்று போனது. கூட்டத்தில் பின்தங்கி, மறுபடி ஏறி வந்து நான்காவது. அதே ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி அங்கேயும் நான்காவது. 1997 டுரினில் பிரிட்டனின் பாலா ராட்கிளிஃபைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாவது பட்டம். 1998இல் மகள் பிறந்தாள். இனி அவ்வளவுதான் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 2000 மார்ச்சில் போர்ச்சுகலின் விலமௌராவில் மூன்றாவது பட்டம், செப்டம்பரில் சிட்னியில் 30 நிமிடம் 17.49 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். ஒரு தாயின் வருஷம் அது. 2004 ஏதென்ஸில் வெண்கலம். இரண்டாவது பிள்ளைக்கும் பிறகு, 37 வயதில், 2009 நியூயார்க் மாரத்தானை வென்றார். அந்த ஓட்டத்தில் வலியால் தளர்ந்த ராட்கிளிஃபைப் பார்த்து, வா, கூடவே வா என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே ஓடினார் என்பதை ஓட்டக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2018 முதல் 2024 வரை எத்தியோப்பியத் தடகளக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். நாற்காலிக் கதைகள் எனக்கு அவ்வளவாக ருசிக்காது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களின் வரிசையைப் பெகோஜித் தெருவில் எந்தக் கடைக்காரரும் மனப்பாடமாகச் சொல்வார். 1996இல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் ஃபத்துமா ரோபா. டெரார்ட்டுவின் உறவுக்காரப் பெண் திருநெஷ், 2005இல் ஒரே உலக கிராஸ் கன்ட்ரியில் குறுந்தூரம், நெடுந்தூரம் இரண்டையும் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் டிக்கி கெலானா. டெரார்ட்டுவையும் சேர்த்து இந்த நான்கு பெண்களிடம் மட்டும் ஒலிம்பிக் தங்கம் ஏழு இருக்கிறது. திருநெஷின் தங்கைகளையும் அக்காவையும், பதினோரு உலக கிராஸ் கன்ட்ரிப் பட்டம் வாங்கிய கெனெனிசாவையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஏழு தங்கத்தைச் சொன்னால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். டர்ஹாமையும் டுரினையும் விலமௌராவையும் சொன்னால் அது என்ன போட்டி என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக்கில் கடைசியாக நடந்தது 1924இல், பாரிஸில். அன்றைய கடும் வெயிலில் ஓடியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்காமல் விழுந்தார்கள், போட்டியையே எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் அது ஒருமுறைகூட நடந்ததில்லை. உலகப் போட்டியிலேயே டெரார்ட்டு ஓடிய காலத்தில் ஆண்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு ஆறிலிருந்து எட்டுதான். அதைச் சமமாக்கி இருவருக்கும் 10 கிலோமீட்டர் என்று ஆக்கியது 2017இல், கம்பாலாவில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டமாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உலகத் தடகள அமைப்பு கேட்டது. ஒலிம்பிக் கமிட்டி மறுத்துவிட்டது. பனிச்சறுக்குக்கும் ஸ்கேட்போர்டுக்கும் இடம் இருக்கும் ஒலிம்பிக்கில், ஒரு புல்வெளியும் இரண்டு கால்களும் மட்டுமே கேட்கும் இந்தப் போட்டிக்கு இன்னும் இடமில்லை.